தம்புரா துரையை ஊருக்கு அனுப்பும் விஷயமாக

மயிலாப்பூர்,
ஈஸ்வர வருஷம், ஆவணி மாதம்,
வெள்ளிக்கிழமை காலை.

நாகபுரி ரயில்வே ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி அம்பிக்கு, அண்ணா கல்யாணராமன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் மன்னி விசாலாக்ஷியும் சுகம், அவ்விடம் நீயும் ரத்னாவும் சுகமாயிருப்பதற்கு எழுதவும் என்று வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்று பார்த்தால், முதல் வரியே பொய்யாகிவிடுகிறது. இவ்விடம் நான் சுகமாயில்லை. உன் மன்னி மிகவும் சுகமாக இருக்கிறாள். என் சுகக்கேட்டுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு வரவும். மாடியில் குடியிருக்கும் மனிதரை நயமாகப் பேசி ஊருக்கு அனுப்ப உன்னால்தான் முடியும். எனக்கு இங்கிலீஷில் கோபித்துக்கொள்ளத் தெரியாது. ‘பென்சிலைச் சீவு’, ‘நிழல் இந்தப் பக்கம் விழ வேண்டும்’, ‘ஸைலன்ஸ்’ என்பதற்கு மேல் ஒரு டிராயிங் மாஸ்டருக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டதில்லை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு அமெரிக்கரை எப்படி வீட்டை விட்டுக் கிளப்புவது, நீயே சொல். அந்த அமெரிக்கர் யார் என்று எழுதப் போகிறேன். நின்றுகொண்டு படிப்பதானால் உட்கார்ந்துகொள். ரஃபஸ் டன்பார். ஆமாம், நம் தம்புரா துரை.

லஸ்ஸுக்கு அப்பால் காலி மைதானத்தில் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்களே, இருபத்திரண்டு இருபத்து மூன்றாம் வருஷங்களில், அந்த நாட்களை நான் மறுபடியும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவோம். பெண்டுகள் பக்கத்துக்குக் குறுக்கே துணி கட்டியிருக்கும். ஹார்மோனியக்காரர் அழுகைக் கட்டத்துக்கும் சண்டைக் கட்டத்துக்கும் ஒரே பாட்டைத்தான் வாசிப்பார், சண்டைக்குக் கொஞ்சம் வேகமாக. படம் பேசாத படம் ஆகையால், கபாலி என்கிற ஆள் தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வான். தேர் நிலையை விட்டுக் கிளம்புகிற மாதிரிக் குரல் அவனுக்கு. டன்பார் என்ற பெயர் அவன் வாயில் நுழையாமல் தம்புரா ஆயிற்று. அவன் சொன்னதால் ஊருக்கே தம்புரா ஆயிற்று. “இதோ பாரு, தம்புரா தொரை வந்துகினு கீறாரு! பொண்ணு அழுதுகினு கீது! தொரை இன்னா சொல்றாரு? ‘அழாதம்மே, நான் கீறேன்’ன்றாரு!” என்று கபாலி முழங்கினால் உனக்கு மயிர்க்கூச்செறியும். துரை ஓடுகிற ரயிலின் கூரையிலிருந்து குதிப்பார். அந்தரத்தில் இருக்கும்போதே, தெருவில் யாரோ தெரிந்தவரைப் பார்த்துவிட்ட மாதிரி, தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டு ஒரு வணக்கம் போடுவார். அதைப் பார்த்துவிட்டு வந்து நீ அப்பாவின் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு சித்திரக்குளத்துப் படிக்கட்டிலிருந்து குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டாய். பிறகு பேசும் படம் வந்தது. அவர் படங்கள் வருவது நின்றுவிட்டது. அவர் செத்துப்போய்விட்டார் என்று யாரோ டிராமில் சொன்னதைக் கேட்டு, மீசை முளைத்த ஆண்பிள்ளை நீ, அன்று ராத்திரி மோர்சாதம்கூட வேண்டாம் என்று படுத்துவிட்டாய்.

அவர் சாகவில்லை, அம்பி. அடையாற்றில் ஒரு தோட்ட பங்களாவை எடுத்து ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறாரே தோல் மண்டி கரீமுல்லா சாயபு, அவருக்கு நான் லீவு நாட்களில் அரண்மனை, நந்தவனம் எல்லாம் படுதாவில் வரைந்து கொடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். போன தை மாதம் சாயபு என்னைக் கூப்பிட்டு, “மாஸ்டர், நம்ம ராஜா ராணி படத்தை டைரக்ட் பண்ண அமெரிக்காவுலேர்ந்து ஒரு துரை வந்திருக்கார். ஓட்டல் சாப்பாடு அவர் வயித்துக்கு ஆகலே. உங்க மாடி சும்மாத்தானே இருக்குது? கொஞ்ச நாள் வச்சுக்குங்க, புண்ணியமாப் போவும்” என்றார். நான் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்து, உன் மன்னியிடம் சொல்லத் தைரியமில்லாமல் இரண்டு தடவை கொல்லைப்பக்கம் போய் வந்து, கடைசியில் சொன்னேன்.

“உங்களுக்கு என்ன பைத்தியம் பிடிச்சுடுத்தா? வெள்ளைக்காரனைக் கொண்டுவந்து மாடியில வச்சா எதிராத்து மாமி இந்த வாசப்படி ஏறுவாளா?” என்று ஆரம்பித்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினவள், “ஆமாம், பேரென்ன சொன்னேள்?” என்றாள்.

“டன்பார்.”

இடுப்பில் வைத்திருந்த கையை எடுத்தாள். பிறகு, “தம்புரா துரையா?” என்றாள்.

“அவர்தான்.”

“மாடி ரூம்ல ஒட்டடை அடிக்கணும், நகருங்கோ” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். நாம் ஆண்பிள்ளைகள் பக்கம் உட்கார்ந்து பார்த்த அத்தனை படத்தையும் அவள் துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் என்பது, கல்யாணமாகி இத்தனை காலம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

துரை வந்து இறங்கிய வைபவத்தைக் கேள். வாசலில் இழைக்கோலம். நான் ஜரிகை வேஷ்டி கட்டிக்கொண்டு, மாட வீதியில் வாங்கிய ரோஜா மாலையோடு நிற்கிறேன். டாக்ஸி வந்தது. முன்பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஆஜானுபாகுவாக, சுருட்டை முடியோடு ஒருவர் இறங்கினார். ‘வெல்கம், வெல்கம்’ என்று மாலையைப் போட்டுவிட்டேன். அவரும் குனிந்து மரியாதையாக வாங்கிக்கொண்டு, “சாமான் எங்க சார் வைக்கணும்?” என்றார். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர், டாக்ஸி டிரைவர். பின்பக்கத்திலிருந்து, தோல்பெட்டிகளுக்கு நடுவே நசுங்கினாற்போல், என் தோளுக்கு வரும் உயரத்தில் ஒரு கிழவர் இறங்கி, “குட் மார்னிங், மை டியர் சார்” என்றார். அந்தக் குரலை எப்படி எழுதுவேன்? புதுச் செருப்புக்கு வாய் இருந்து அது பேசினால் அப்படித்தான் இருக்கும். உள்ளே இருந்த உன் மன்னி, “ஏன்னா, துரையோட ஆம்படையாளும் வந்திருக்காளா?” என்று கேட்டாள். யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவர் உன் மன்னியைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, வைக்கோல் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டார். அவ்வளவுதான், அம்பி. பதினைந்து வருஷம் பொத்தென்று கீழே விழுந்தது. நான் டிரைவர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் விழாதது ஒன்றுமில்லை. விடிந்ததும் அவர் மொட்டை மாடியில் சக்கரம் சக்கரமாகக் கைகளால் உருண்டு தேகப்பயிற்சி செய்வார். கீழே பூஜை அறையில் காரை உதிர்ந்து சுவாமி படங்களெல்லாம் விபூதி அபிஷேகம் கண்ட மாதிரி ஆகிவிடும். தெருவில் பால்காரர் முதல் வக்கீல் வரை நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அவருக்குத் தலையில் ஒரு ரோமம் கிடையாது. நாம் பார்த்த சுருட்டை எல்லாம் டோப்பா. அதை ஒருநாள் அலசி மாடிக் கைப்பிடிச்சுவரில் உலர்த்தியிருக்கிறார். காக்கை ஒன்று அதைத் தன் குஞ்சு என்று நினைத்ததோ, கூடு என்று நினைத்ததோ, தூக்கிக்கொண்டு போய் எதிராத்து மாமியின் அப்பளத்தின் மேல் போட்டுவிட்டது. மாமி போட்ட கூச்சலில் குளக்கரையிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். துரை தாமே போய், வெறும் தலையோடு வாசலில் நின்று, டோப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு குழந்தையைப் பறிகொடுத்து மீட்டவர் மாதிரிக் கண்ணை மூடினாரே பார்க்கணும். மாமி அழுதேவிட்டாள். அடுத்த வாரம் மாமி எங்கள் மாடிக்குத் தேன்குழல் கொடுத்தனுப்பினாள்.

சாயங்காலங்களில் மாடியில் பாயை விரித்துக்கொண்டு தம் கதையைச் சொல்வார். பாதி எனக்குப் புரியும். மீதியை அவர் நடித்துக் காட்டுவார். பிறந்தது கான்ஸஸ் என்கிற தேசத்தில், கண்ணுக்கெட்டிய மட்டும் கோதுமை வயல். அப்பா சவரத் தொழில் செய்பவர், அதோடு கிறிஸ்து மதப் பிரசங்கியும்கூட. கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வாராம். கேட்கிறவன் எழுந்து போக முடியாது. பிள்ளையாண்டான் அங்கிருந்து தப்பி ஒரு சர்க்கஸோடு ஓடி, யானைக்குத் தண்ணீர் காட்டி, குதிரைமேல் நிற்கப் பழகி, கடைசியில் சினிமாக் கம்பெனியில் கதாநாயகர்களுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழுகிற வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் கதாநாயகருக்குப் பல்வலி. “விழுகிறவனையே இன்றைக்கு நிற்கச் சொல்லுங்கள்” என்றார்களாம். அவ்வளவுதான், பெரிய ஸ்டார் ஆகிவிட்டார். பிறகு டைரக்டரும் ஆனார். எதற்கு என்று கேட்டேன். “நான் விழ வேண்டிய இடத்தை நானே பார்த்து வைத்துக்கொள்ளலாமே” என்றார். இரண்டு கல்யாணம். அரண்மனை மாதிரி வீடு, அதற்குள்ளேயே ஒரு குளம். முதல் மனைவி வீட்டை எடுத்துக்கொண்டாள், இரண்டாவது மனைவி குளத்தை எடுத்துக்கொண்டாள் என்கிறார். குளத்தை எப்படி எடுத்துக்கொண்டு போனாள் என்று கேட்க என் இங்கிலீஷ் போதவில்லை.

பிறகு பேசும் படம் வந்தது. அவருடைய முதல் பேசும் படத்தைப் பார்க்கக் கொட்டகையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். சோகமான படம். பெண் அழுகிறாள். துரை வந்து, அழாதே, நான் இருக்கிறேன் என்று வாயைத் திறந்து சொன்னார். கொட்டகை முழுவதும் சிரித்தது. “டிராயிங் மாஸ்டர், நான் விழுந்ததிலேயே ரொம்ப உயரத்திலிருந்து விழுந்தது அன்றைக்குத்தான்” என்றார். அதற்குப் பிறகு அவர் திரையில் வரவில்லை. சின்னக் கம்பெனிகளில் மற்றவர்களை வைத்து டைரக்ட் செய்தார். அந்தக் கம்பெனிகளும் மூடிப்போயின. பம்பாயில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லக் கப்பலேறி, அங்கேயும் இல்லாமல், நம் கரீமுல்லா சாயபுவிடம் வந்து சேர்ந்தார். இதைக் கேட்டுக்கொண்டு மாடிப்படியில் உன் மன்னி நின்றிருந்தாள். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாதவளுக்கு எப்படிப் புரிந்ததோ, மறுநாள் அவருக்கு மட்டும் பால் பாயசம்.

ஸ்டூடியோவில் அவர் டைரக்ட் செய்த அழகு தனிக்கதை. தமிழ் தெரியாதாகையால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பேச்சு பொய்யாக இருந்தால் எப்படியோ தெரிந்துவிடும், கையைத் தட்டி நிறுத்திவிடுவார். ஒருநாள் மந்திரி வேஷக்காரருக்கு வசனம் மறந்துபோய், “அடேய், காலையிலிருந்து ஒரு வாய் காபி கிடையாதாடா எனக்கு!” என்று உருக்கமாகக் கத்திவிட்டார். துரை எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டு, இன்றைக்குத்தான் நீ நடித்தாய் என்று பாராட்டினார். கதாநாயகன் ராஜபார்ட் ராஜகோபாலன், நாடக மேடையில் சக்கைப்போடு போட்டவர். அவர் விஷம் குடித்துவிட்டு ராகமாலிகை பாட ஆரம்பித்தார். மோகனம் போய்க் கல்யாணி வந்தது, கல்யாணி போய்க் காம்போதி வந்தது. துரை என் காதில், “டிராயிங் மாஸ்டர், அவர் குடித்தது விஷம்தானா, அல்லது உங்கள் மனைவியின் பாயசமா?” என்றார். அதை நான் கொஞ்சம் மெருகேற்றி ராஜகோபாலனிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நான் சாகறதைப் பார்க்கவா சார் ஜனங்க வராங்க? நான் பாடறதைக் கேக்க வராங்க. துரைக்குச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். துரை, “அவர் சொல்வது சரி. நான் விழுவதைப் பார்க்கத்தான் எங்கள் ஊரிலும் வந்தார்கள்” என்று சொல்லி, பாட்டை முழுவதும் எடுக்கச் சொன்னார்.

அங்கேதான் கபாலியைப் பார்த்தேன். பேசும் படம் வந்து கொட்டகை வேலை போன பிறகு, அவனுக்கு இப்போது ஸ்டூடியோவில் காக்கை ஓட்டுகிற உத்தியோகம். அடையாற்றுக் காக்கைகள் மைக்கில் புகுந்துவிடுமாகையால், ஒவ்வொரு தடவையும் படம் பிடிப்பதற்கு முன் வெறும் மருந்து போட்ட துப்பாக்கியை வானத்தைப் பார்த்து ஒருமுறை வெடிப்பான். நான்தான் அவனைத் துரையிடம் அழைத்துப் போனேன். கபாலி தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சார், நீ படத்துல வாயை மட்டும் ஆட்டிக்கினு இருந்தியே, அதுக்கு இங்க கொரலு குடுத்தது நான்தான் சார். இந்த ஊருக்கு நான்தான் சார் உன் கொரலு” என்றான். எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன்: “சார், திஸ் மேன் வாஸ் யுவர் வாய்ஸ்.” துரை அவன் பக்கம் திரும்பினார். பிறகு, ஏதாவது பேசச் சொல் என்று கையைக் காட்டினார். கபாலி தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய நாட்களில் போலவே நெஞ்சை நிமிர்த்தி, “அழாதம்மே! நான் கீறேன்!” என்றான். துப்பாக்கி வெடிக்காமலேயே தோட்டத்துக் காக்கை அத்தனையும் பறந்துவிட்டன. துரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அர்த்தம் என்ன என்று என்னிடம் கேட்டார், சொன்னேன். கபாலியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு இருந்திருக்க வேண்டிய குரல் இதுதான்” என்றார். மறுநாளிலிருந்து துரை கபாலியின் காதில் கிசுகிசுப்பார், கபாலி குழலில் முழங்குவான், ஸ்டூடியோவே நடுங்கும். ஒருவருக்கு மற்றவர் பாஷை தெரியாது. எப்படி நடந்தது என்று என்னைக் கேட்காதே.

கடைசியில் வந்தது வினை. ராஜகுமாரன் கோட்டை மதிலிலிருந்து குதிரைமேல் குதிக்க வேண்டும். ராஜகோபாலன் மதிலை ஒருமுறை பார்த்தார், குதிரையை ஒருமுறை பார்த்தார். “என் தொண்டைக்கு ஏதாவது ஆனா யார் பொறுப்பு?” என்றார். “தொண்டையாலயா சார் குதிக்கச் சொல்றாங்க?” என்றான் கபாலி. துரை பேசாமல் ராஜகோபாலன் தலையிலிருந்து கிரீடத்தை எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார். சாயபு ஓடிவந்து, “வாணாம் துரை, உங்க வயசுக்கு இது வாணாம், வேற ஆள் கொண்டாரேன்” என்று கையைப் பிடித்தார். நானும் எனக்குத் தெரிந்த மூன்று வாக்கியத்தில் ‘ஸைலன்ஸ்’ நீங்கலாக மற்றதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். “நான் முதலில் பார்த்த வேலை இது” என்று மட்டும் சொல்லிவிட்டு மதில்மேல் ஏறினார். குதித்தார். அந்தரத்தில் இருக்கும்போது அவருடைய இரண்டு விரல் கிரீடத்தின் விளிம்பைத் தொட்டது. வேண்டுமென்று செய்ததல்ல, பழக்கம். கீழே நின்றது மயிலாப்பூர் ஜட்காக் குதிரை. சவாரி வருகிறது என்று தெரிந்து, புத்திசாலித்தனமாகக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றது. துரை பாதி குதிரையிலும் பாதி தரையிலுமாக விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்த இடத்திலிருந்தபடியே காமிராக்காரரைப் பார்த்து, “கிடைத்ததா?” என்றார், அந்தக் கீச்சுக் குரலில். ஒருவரும் சிரிக்கவில்லை, அம்பி.

கட்டுப் போட்டு மாடியில் படுக்கவைத்தோம். மிச்சப் படத்தை வேறு யாரோ முடித்தார்கள். ஆனி மாதத்தில் படம் வெளியாயிற்று. நோட்டீஸில் ராஜகோபாலனின் பாட்டுக்களின் எண்ணிக்கைதான் பெரிய எழுத்தில் இருந்தது. துரையின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். பகல் ஆட்டத்துக்கு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம். கபாலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், உன் மன்னி பின்னால் பழச்சாறுக் கூஜாவோடு. பாட்டு வந்தபோதெல்லாம் ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். துரை பெஞ்சியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதில் வந்தது. முதுகுப்புறம் காட்டி ஒருவன் குதிக்கிறான். அந்தரத்தில் இரண்டு விரல் கிரீடத்தைத் தொடுகிறது. அப்புறம் எங்கோ மூலையிலிருந்து ஒருவன், “டேய், தம்புரா தொரைடா!” என்று கத்தினான். அவ்வளவுதான். வழுக்கை விழுந்தவர்களும் தொந்தி போட்டவர்களுமாக, நம் வயதுக்காரர்கள் வரிசை வரிசையாக எழுந்து நின்றார்கள். விசிலாவது, கைதட்டலாவது! மெஷின்காரர் படத்தை நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடியும் அந்தக் குதியைக் காட்டும்வரை ஒருவரும் உட்காரவில்லை. துரை என் கையைப் பிடித்து, “என்ன கத்துகிறார்கள்?” என்றார். “உங்கள் பெயரை” என்றேன். “அது என் பெயர் இல்லையே” என்றார். “இந்த ஊரில் உங்கள் பெயர் அதுதான் சார்” என்றேன். அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், கால் வரவில்லை. கபாலி அவரை அப்படியே தூக்கிப் பெஞ்சியின்மேல் நிறுத்திவிட்டான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. துரை தொப்பியைத் தொட்டார். நான் அழவில்லை, கூஜாவிலிருந்து பழச்சாறு தெறித்தது.

அதோடு கதை சுபமாக முடிந்திருந்தால் நான் ஏன் உனக்கு எழுதப் போகிறேன்? மறுநாள் முதல் வீடு வீடாக இல்லை. திருவல்லிக்கேணி, மாம்பலம், சைதாப்பேட்டையிலிருந்தெல்லாம் அந்தக் காலத்து ரசிகர்கள் துரையைப் பார்க்க வருகிறார்கள். வந்தவர்களுக்குக் காபி. காபிக்கொட்டை அரைக்கிற மெஷின் ஓயாமல் கடகடக்கிறது. கால் நன்றாகக் குணமாகிவிட்டது. சாயபுவிடம் அடுத்த படம் இப்போதைக்கு இல்லை. துரைக்கோ டைரக்ட் செய்யாமல் இருக்க முடியவில்லை. ஆகவே எங்களை டைரக்ட் செய்கிறார். உன் மன்னி காபி கொண்டுபோனால், “நோ, நோ, கதவிலிருந்து மறுபடியும் வா, டம்ளர் முதலில் தெரிய வேண்டும், பிறகு முகம்” என்கிறார். அவளும் இறங்கிப்போய் மறுபடி வருகிறாள்! நான் சர்க்கரை கொஞ்சம் குறைவு என்று சொன்னால் முகத்தை ஒரு முழம் நீட்டுகிறவள். கீரைக்காரி தெருமுனையிலிருந்து எப்படிக் கூவிக்கொண்டு வர வேண்டும் என்று அவளுக்கு ஒத்திகை. கோகுலாஷ்டமிக்கு எதிராத்து மாமி வாசலிலிருந்து பூஜை அறைவரை கிருஷ்ணர் பாதம் போட்டாள், துரை பார்த்துவிட்டு, “இந்தக் குழந்தை நேராக வெண்ணெய்க்குப் போகாது, நடுவில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கும்” என்று பாதத்தை அழித்து மாற்றிப் போடச் சொன்னார். மாமி மாற்றிப் போட்டாள். தெருவே அவர் சொன்னபடி நடக்கிறது. நான் மட்டும் நடுவில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் நுழைவது எந்தப் பக்கம் வெளியே போவது என்று தெரியாமல் விழிக்கிறேன். நேற்றுக்கூட மாக்கோலத்தை மிதித்ததற்கு எனக்கு இரண்டு ஒத்திகை.

ஊருக்கு எப்போது என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். “அங்கே எல்லோரும் என் குரலை ஒருமுறை கேட்டுவிட்டார்கள், டிராயிங் மாஸ்டர். இங்கேதான் கேட்கவில்லை” என்று சொல்லிவிட்டுக் கபாலியோடு தாயக்கட்டை ஆடப் போய்விட்டார். இதற்கு மேல் நான் என்ன பேசுவது? நீ துரைத்தனத்தாரோடு பழகியவன், பெரிய ஆபீசர்களுக்கே நறுக்கென்று பதில் எழுதுகிறவன். நீ வந்து, அவர் மனம் நோகாமல், ‘ரொம்ப சந்தோஷம், இனிமேல் உங்கள் தேசத்துக்குப் புறப்படலாமே’ என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டால் போதும். ரத்னாவையும் அழைத்து வா. வரும்போது நாகபுரிக் கமலா ஆரஞ்சு கிடைத்தால் கொண்டு வா, கிடைக்காவிட்டால் நீ வந்தால் போதும்.

கற்பகாம்பாள் கிருபையால் நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக, மாடியில் யாரும் உருளாத வீட்டில், காரை உதிராத சுவரோடு சௌக்கியமாக வாழ வேண்டும். ரத்னாவுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அண்ணா,
கல்யாணராமன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. லீவும் எழுதிக் கொடுக்காதே. இதைச் சென்ட்ரல் ஸ்டேஷன் பிளாட்பாரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து, கார்டிடம் வாங்கிய பென்சிலால் எழுதுகிறேன். காலையில் கடிதத்தை முடித்து மடிக்கும்போது துரை மாடியிலிருந்து இறங்கி வந்து, யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று கேட்டார். பொய் சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. நாகபுரியிலிருக்கும் தம்பி உங்கள் படங்களைப் பார்த்து வளர்ந்தவன், உங்களுக்காக லீவு போட்டுவிட்டு வரச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. “எனக்காக அந்தப் பையன் சம்பளத்தை விட்டுவிட்டு வருவதா? நானே அவனிடம் போகிறேன்” என்று சொல்லி, நான் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் தோல்பெட்டியோடு வாசலில் நிற்கிறார். உன் மன்னி தயிர்சாதம் கட்டிக் கொடுத்துவிட்டு, “வெறும குட்பைன்னுட்டுப் போறாரே, போய்ட்டு வரேன்னு சொல்லச் சொல்லுங்கோளேன்” என்று என்மேல் சீறிவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்றைய கிராண்ட் டிரங்க்கில் அவரும் வருகிறார், தபால் வண்டியில் இந்தக் கடிதமும் வருகிறது. இரண்டில் எது முதலில் உன் கைக்கு வருமோ தெரியாது. அவர் முதலில் வந்தால் இதை அவருக்குத் தெரியாமல் படி. அவரை ஆபீசில் எல்லோருக்கும் காட்டு, ரத்னாவைக் காபி கொண்டுவரச் சொல், எத்தனை தடவை என்று அவர் சொல்வார். பிறகு தாமதிக்காமல், வேறு எந்த ஊருக்கும் போகவிடாமல், மெட்ராஸ் வண்டியில் நீயே ஏற்றி அனுப்பிவிடு. கீழே எங்களுக்குச் சத்தம் போதவில்லை. கபாலி வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “சீக்கிரம் வந்துடு சார், உன் கொரலை நான் பார்த்துக்கினு இருப்பேன்” என்கிறான். கார்டு பச்சைக் கொடியை எடுத்துவிட்டார், பென்சிலைக் கேட்கிறார். துரைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மார்வாடி ஒருவர், சாருக்கு எந்த ஊர், லண்டனா அமெரிக்காவா என்று இப்போதுதான் கேட்டார். துரை இரண்டுக்கும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுத் தமிழிலேயே சொன்ன பதில் ஜன்னல் வழியாக எனக்கு இங்கே கேட்டது:

“மைலாப்பூர். நம்மாத்து மாடி.”